கோடு நேராக வந்தும் விடை தப்பா? வெட்டுத்துண்டு முறையில் வரைபடம் பிழைத்தால் பார்க்க வேண்டிய இடங்கள்

இரண்டு புள்ளிகளை எங்கே வைத்தாலும், ஸ்கேலை வைத்து இழுத்தால் நேர்க்கோடு வந்துவிடும். வெட்டுத்துண்டு முறையின் வசதி அதுதான், ஆபத்தும் அதுதான். கோடு எக்ஸ் அச்சை வெட்டும் புள்ளி ஒன்று, ஒய் அச்சை வெட்டும் புள்ளி ஒன்று (அச்சில் அந்த இடத்தின் எண்தான் வெட்டுத்துண்டு), இரண்டையும் சேர்த்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த இரண்டில் ஒன்று தப்பாக இருந்தாலும் தாளில் தெரிவது அதே திருத்தமான கோடுதான். பார்த்த மாத்திரத்தில் பிழை தெரியாது. அதனால் மூன்றாவதாக ஒரு புள்ளியைக் கணக்கிட்டு வைக்காமல் கோடு போடவே கூடாது. கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த மூன்றாம் புள்ளியால்தான் வெளியே வருகின்றன.

கடலூர்ப் பக்கத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் வரைபட முறையையும், பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் வெட்டுத்துண்டு வடிவத்தையும் சந்திக்கிறார்கள். சிபிஎஸ்இக்கு மாறிவிட்ட புதுச்சேரி அரசுப் பள்ளிகளில், பத்தாம் வகுப்பில் இரண்டு நேரியல் சமன்பாடுகளை வரைபடத்தில் தீர்க்கும் பாடத்தில் இதே வேலை வருகிறது. பாடநூல் எதுவானாலும் பிழைகள் ஒன்றேதான்.

கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் வரைபடத்தாளை வைத்தே இங்கே பேசுகிறோம். பெரிய கட்டத்தின் பக்கம் 1 செ.மீ., அதற்குள் பக்கத்துக்கு 10 சிறு கட்டம். வேறு எதுவும் சொல்லாத இடத்தில் அளவுத்திட்டம் இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு.

மூன்றாம் புள்ளி கோட்டில் உட்காரவில்லை

2எக்ஸ் + 3ஒய் = 12 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒய் = 0 என்று போட்டால் 2எக்ஸ் = 12, எக்ஸ் = 6; புள்ளி (6, 0). எக்ஸ் = 0 என்று போட்டால் 3ஒய் = 12, ஒய் = 4; புள்ளி (0, 4). இந்த இரண்டும் சரி.

அடிக்கடி நடக்கும் தவறு, எக்ஸ் வெட்டுத்துண்டு கேட்டால் எக்ஸையே பூச்சியமாக்கிவிடுவது. பெயரில் எக்ஸ் இருப்பதால் கை தானாக அங்கே போகிறது. கிடைக்கும் 4-ஐ எக்ஸ் அச்சிலும், அடுத்து கிடைக்கும் 6-ஐ ஒய் அச்சிலும் வைத்துவிடுகிறார்கள். ஏன் மற்றதைப் பூச்சியமாக்க வேண்டும் என்பதைப் புதுச்சேரித் தெருக்களை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நேரு வீதி கிழக்கு மேற்காகப் போகிறது, மிஷன் வீதி வடக்கு தெற்காகப் போகிறது. இரண்டும் சந்திக்கும் முனைதான் ஆதிப்புள்ளி என்று வையுங்கள். நேரு வீதியில் ஒருவர் எவ்வளவு தூரம் நடந்தாலும், அந்த முனையிலிருந்து வடக்கே எவ்வளவு என்று கேட்டால் பதில் பூச்சியம்தான். எக்ஸ் அச்சில் இருக்கும் எந்தப் புள்ளிக்கும் ஒய் பூச்சியமாவது இதே காரணத்தால். ஆகவே கோடு எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறது என்று தேடும்போது ஒய்யைத்தான் பூச்சியமாக்க வேண்டும்.

இப்போது சோதனைப் புள்ளிக்கு வருவோம். எக்ஸ் = 3 என்றால் ஒய் = 2. இந்த (3, 2) சரியான புள்ளிதான், ஆனால் சோதனைக்கு வலுவானது அல்ல. அச்சு மாறிப்போன தவறான கோடு எக்ஸ் = 3 இல் 1.5 உயரத்தில் போகிறது. இடைவெளி வெறும் 5 மி.மீ. பென்சில் கொஞ்சம் விலகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக வெட்டுத்துண்டுகளுக்கு வெளியே ஒரு புள்ளியை எடுங்கள். எக்ஸ் = −3 என்றால் −6 + 3ஒய் = 12, ஒய் = 6. தவறான கோடு அதே எக்ஸ் = −3 இல் 10.5 உயரத்தில் இருக்கும். இடைவெளி 4.5 செ.மீ., கண்ணை மூடிக்கொண்டாலும் மறைக்க முடியாது. மூன்றாம் புள்ளியை இரண்டுக்கும் நடுவில் வைக்காமல் வெளியே வைப்பதுதான் நல்லது. பக்கம் மாற்றி எழுதிய வரியிலிருந்து அதைக் கணக்கிடக் கூடாது. வினாவில் கொடுத்த மூலச் சமன்பாட்டிலேயே பிரதியிட்டு எடுங்கள். மாற்றி எழுதும்போது பிழை நுழைந்திருந்தால், மூன்றாம் புள்ளியும் அதே பிழையோடு வந்து கோட்டில் அழகாக உட்கார்ந்துவிடும்.

மூன்றும் ஒரே கோட்டில் வரவில்லை என்றால் உடனே அழிரப்பரை எடுக்க வேண்டாம். மூன்று புள்ளிகளையும் ஒவ்வொன்றாக மூலச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் பொருந்தவில்லை என்றால் அந்தக் கணக்கைத் திரும்பச் செய்தால் போதும். இரண்டு வெட்டுத்துண்டும் பொருந்தாமல் மூன்றாவது மட்டும் பொருந்தினால், அச்சு மாறியிருக்கிறது அல்லது மாறிலியின் (எக்ஸ், ஒய் ஒட்டாத தனி எண்ணின்) குறி போயிருக்கிறது. மூன்றும் பொருந்துகின்றன, தாளில் மட்டும் கோணலாக இருக்கிறது என்றால் கணக்கு சரி, புள்ளி வைத்த இடம்தான் தப்பு.

தாளில் தப்பு நடப்பது பெரும்பாலும் அளவுத்திட்டத்தில். 1 செ.மீ. = 2 அலகு என்று மேலே எழுதிவிட்டு, 5-ஐ ஐந்தாவது பெரிய கட்டத்தில் வைப்பார்கள். அது 2.5 செ.மீ. இல் இருக்க வேண்டும். இரண்டு அச்சுக்கும் இரண்டு அளவுத்திட்டம் வைத்தால் ஒன்றின் எண்ணிக்கை மற்றதில் புகுந்துவிடும். புள்ளி வைக்கும் முன்பே இரண்டு அச்சிலும், ஒவ்வொரு பெரிய கட்டத்திலும், மைனஸ் பக்கம் உட்பட எண்களை எழுதிவிட்டால் இந்தப் பிழை வராது. எண் எழுதாமல் கட்டம் எண்ணிப் புள்ளி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கோடு எதிர்ப்பக்கம் சாய்கிறது

இது குறி தொலைந்ததன் அடையாளம். 3எக்ஸ் − 4ஒய் = 12 இல் எக்ஸ் = 0 என்றால் −4ஒய் = 12, ஆகவே ஒய் = −3. இந்த மைனஸை விட்டு 3 என்று வைத்தால், ஏற வேண்டிய கோடு இறங்கிவிடும்.

புள்ளி வைக்கும் முன்பே இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு வெட்டுத்துண்டும் ஒரே குறி என்றால் கோடு இடமிருந்து வலமாக இறங்கும். குறி வேறு வேறு என்றால் ஏறும். காரணம், எக்ஸ் வெட்டுத்துண்டு அ, ஒய் வெட்டுத்துண்டு ஆ என்றால் சாய்வு −ஆ/அ. மேலே உள்ள கணக்கில் 4, −3. சாய்வு 3/4, ஏறும் கோடு. அது முதல், மூன்றாம், நான்காம் கால்பகுதிகளில் போகும், இடது மேல் பக்கமுள்ள இரண்டாம் கால்பகுதிக்குள் நுழையாது. உங்கள் கோடு இரண்டாம் கால்பகுதியில் இருந்தால் குறியைத் தேடுங்கள்.

வலது பக்கம் பூச்சியம் என்று கொடுத்த சமன்பாடுகளில் இந்தப் பிழை கூடுதல். 3எக்ஸ் − 4ஒய் − 12 = 0 என்று கொடுத்தால், −12-ஐ அப்படியே 3 ஆல் வகுத்து எக்ஸ் வெட்டுத்துண்டு −4 என்பார்கள். மாறிலி மறுபக்கம் போகும்போது குறி மாறும் என்பது அவசரத்தில் மறந்துபோகிறது. பாடநூல் சூத்திரம் மாறிலியை எக்ஸின் கெழுவால் (எக்ஸுக்கு முன்னே நிற்கும் எண்ணால்) வகுத்து முன்னே மைனஸ் போடச் சொல்கிறது. அந்த முன் மைனஸைத்தான் விட்டுவிடுகிறார்கள். சூத்திரம் மனதில் நிற்காவிட்டால் ஒய் = 0 போட்டு 3எக்ஸ் − 12 = 0 என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி மிச்சம் பிடிக்கப் போய் மதிப்பெண்ணை இழக்க வேண்டாம்.

எக்ஸ்/4 − ஒய்/3 = 1 என்ற வெட்டுத்துண்டு வடிவத்திலும் இதே பொறி இருக்கிறது. நடுவில் கூட்டல் குறி இருந்தால்தான் பகுதியை (பின்னத்தின் கீழ் எண்ணை) நேராகப் படிக்கலாம். இதை எக்ஸ்/4 + ஒய்/(−3) = 1 என்று மாற்றிய பிறகே ஒய் வெட்டுத்துண்டு −3 என்று தெரியும். அதேபோல் வலது பக்கம் 1 இருக்க வேண்டும். எக்ஸ்/4 + ஒய்/3 = 2 என்றால் வெட்டுத்துண்டுகள் 4, 3 அல்ல, 8, 6. தொகுதியில் (பின்னத்தின் மேலே) தனி எக்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2எக்ஸ்/5 + ஒய்/3 = 1 இல் எக்ஸ் வெட்டுத்துண்டு 5 அல்ல, 2.5.

இரண்டு வெட்டுத்துண்டும் (0, 0) என்றே வருகிறது

இதில் தவறு எதுவும் இல்லை. 2எக்ஸ் − 3ஒய் = 0 போல மாறிலி இல்லாத சமன்பாட்டின் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகும். இரண்டு அச்சையும் ஒரே இடத்தில் வெட்டுவதால் உங்களிடம் இருப்பது ஒரே புள்ளிதான். வெட்டுத்துண்டு முறையை இங்கே நிறுத்திவிட்டு வேறு இரண்டு புள்ளி எடுங்கள். எக்ஸ் = 3 என்றால் ஒய் = 2; எக்ஸ் = −6 என்றால் ஒய் = −4. பத்தாம் வகுப்பில் வரும் நேர் மாறுபாட்டு வரைபடமும் இந்த வகைதான், அது ஆதிப்புள்ளி வழியாகப் போகாவிட்டால் எங்கோ பிழை.

ஒரு வெட்டுத்துண்டு கிடைக்கவே இல்லை

ஒய் = −3 என்ற சமன்பாட்டில் ஒய்க்குப் பூச்சியம் போட்டால் 0 = −3 என்று அபத்தமாக வரும். கோடு எக்ஸ் அச்சைத் தொடாது என்பதைத்தான் அந்த அபத்தம் சொல்கிறது. அது எக்ஸ் அச்சுக்கு இணையாக, 3 அலகு கீழே படுத்திருக்கும் கோடு. எக்ஸ் = 5 என்றால் ஒய் அச்சுக்கு இணையான செங்குத்துக் கோடு. இங்கே பலர் (5, 0) என்ற ஒரு புள்ளியை மட்டும் வைத்துவிட்டு நிறுத்துகிறார்கள். (5, 0), (5, 4), (5, −4) மூன்றையும் வைத்துக் கோடாக இழுக்க வேண்டும்.

வெட்டுத்துண்டு பின்னமாக வருகிறது, புள்ளி வைக்க முடியவில்லை

4எக்ஸ் + 7ஒய் = 18. எக்ஸ் வெட்டுத்துண்டு 4.5, மில்லிமீட்டர் தாளில் இதைச் சரியாக வைக்கலாம். ஒய் வெட்டுத்துண்டு 18/7, அதாவது 2.571 என்று நீள்கிறது. இதை 2.6 என்று முழுமைப்படுத்தி வைத்தால் தொலைவில் கோடு விலகும்.

வெட்டுத்துண்டைத்தான் வைக்க வேண்டும் என்று வினா கேட்காத வரை, முழு எண் புள்ளிகளைத் தேடுவதே மேல். எக்ஸ் = 1 என்றால் 7ஒய் = 14, ஒய் = 2. ஒரு முழு எண் புள்ளி கிடைத்துவிட்டால் மற்றவை வரிசையாகக் கிடைக்கும். எக்ஸோடு ஒய்யின் கெழுவைக் கூட்டி, ஒய்யிலிருந்து எக்ஸின் கெழுவைக் கழியுங்கள். (1, 2) இலிருந்து (8, −2). எதிர்த்திசையில் போனால் (−6, 6). ஒரு பக்கம் 4 × 7 கூடுகிறது, மறுபக்கம் 7 × 4 குறைகிறது, மொத்தம் மாறுவதில்லை. அதனால்தான் இது எப்போதும் சரியாக வரும். கெழுவில் மைனஸ் இருந்தால் அந்தக் குறியோடு சேர்த்தே கூட்டிக் கழிக்க வேண்டும்.

சில சமன்பாடுகளுக்கு முழு எண் புள்ளியே கிடையாது. 2எக்ஸ் + 4ஒய் = 7 இல், முழு எண்கள் போட்டால் இடது பக்கம் எப்போதும் இரட்டைப்படை, வலது பக்கம் ஒற்றைப்படை. இதில் தேடி நேரத்தை வீணாக்காமல் 3.5, 1.75 என்ற வெட்டுத்துண்டுகளையே வையுங்கள். 1.75 என்பது 17-ஆவது சிறு கோட்டுக்கும் 18-ஆவதுக்கும் நடுவில். மூன்றில் ஒரு பங்காக வரும் வெட்டுத்துண்டை வைத்தே தீர வேண்டும் என்றால் 3 செ.மீ. = 1 அலகு என்று எடுங்கள். 1/3 சரியாக ஒரு பெரிய கட்டத்தில் விழும்.

புள்ளிகள் ஆதிப்புள்ளி அருகே நெருங்கிக் கிடக்கின்றன

5எக்ஸ் + 4ஒய் = 2 என்றால் வெட்டுத்துண்டுகள் 0.4, 0.5. கணக்கு சரி, குறி சரி, புள்ளி வைத்ததும் சரி. ஆனாலும் கோடு தப்பாக வரும். இரண்டு புள்ளிக்கும் இடையே தூரம் சுமார் 6.4 மி.மீ. தான். ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் விலகினாலும், கோட்டை 10 செ.மீ. நீட்டும்போது அது ஏறக்குறைய 8 மி.மீ. விலகலாகப் பெருகும். எவ்வளவு கூர்மையாகப் பென்சில் சீவினாலும் இதைத் தவிர்க்க முடியாது. (2, −2), (−2, 3), (6, −7), (−6, 8) எல்லாம் இந்தக் கோட்டில் இருக்கின்றன. கடைசி இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு, அது 0.4 இலும் 0.5 இலும் அச்சுகளை வெட்டுகிறதா என்று பாருங்கள். இங்கே வெட்டுத்துண்டுகள் சோதனைப் புள்ளிகளாக மட்டும் இருக்கட்டும்.

புள்ளி தாளுக்கு வெளியே போகிறது

வாழ்க்கைக் கணக்குகளில் இது வரும். மாடியிலுள்ள தொட்டியில் 1000 லிட்டர் தண்ணீர், நிமிடத்துக்கு 25 லிட்டர் வெளியேறுகிறது என்றால் ஒய் = 1000 − 25எக்ஸ். வெட்டுத்துண்டுகள் (40, 0), (0, 1000). அளவுத்திட்டத்தை முதலில் தீர்மானித்துவிட்டுப் புள்ளி கண்டுபிடிப்பதால்தான் தாள் போதாமல் போகிறது. முதலில் வெட்டுத்துண்டுகள், பிறகு அளவுத்திட்டம். எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 5 நிமிடம் என்றால் 8 செ.மீ. போதும். ஒய் அச்சில் 1 செ.மீ. = 100 லிட்டர் என்றால் 10 செ.மீ. இரண்டு வெட்டுத்துண்டும் 8 முதல் 12 செ.மீ. க்குள் விழும்படி வைத்தால் கோடு தெளிவாக வரும். 3, 7 போன்ற எண்களை ஒரு கட்டத்துக்கு வைக்காதீர்கள். 1, 2, 5, 10 வரிசையில் வைத்தால் சிறு கட்டத்தைப் படிப்பது சுலபம்.

இந்தத் தொட்டிக் கணக்கில் கோட்டை அச்சுகளைத் தாண்டி நீட்டக் கூடாது. 40 நிமிடத்துக்குப் பிறகு தொட்டியில் மைனஸ் தண்ணீர் இருக்காது. பண்ருட்டியில் பலாச்சுளைப் பொட்டலம் 40 ரூபாய், முந்திரிப் பொட்டலம் 100 ரூபாய், 400 ரூபாயையும் மீதியில்லாமல் செலவழிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு கொடுத்தால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். 40எக்ஸ் + 100ஒய் = 400 இன் வெட்டுத்துண்டுகள் 10, 4. பலா மட்டும் வாங்கினால் 10 பொட்டலம், முந்திரி மட்டும் வாங்கினால் 4. ஆனால் பொட்டலத்தைப் பிரித்து வாங்க முடியாது. கோட்டில் பொருளுள்ள இடங்கள் (10, 0), (5, 2), (0, 4) மூன்றுதான்.

அளவுத்திட்டம் இரண்டு அச்சிலும் வேறாக இருக்கும்போது கோட்டின் சாய்வைக் கோணமானியால் அளக்காதீர்கள். எக்ஸ் + ஒய் = 5 கூட அப்போது அச்சோடு 45 பாகை கோணத்தில் வராது. அது பிழை அல்ல.

இரண்டு கோடுகள் சந்திக்கவே இல்லை

எக்ஸ் + ஒய் = 5, 2எக்ஸ் − ஒய் = 4. முதல் கோட்டுக்கு (5, 0), (0, 5). இரண்டாவதுக்கு (2, 0), (0, −4). புள்ளியைச் சேர்த்த இடத்தோடு பென்சிலை எடுத்துவிட்டால் இரண்டாவது கோடு எக்ஸ் அச்சிலேயே நின்றுவிடும், முதல் கோட்டை எட்டாது. ‘தீர்வு இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். தீர்வு (3, 2), அது (2, 0) க்கு மேலே காத்திருக்கிறது. அச்சுகளைத் தாண்டி இரு பக்கமும் நீட்டி, முனைகளில் அம்புக்குறி போடுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் அதன் சமன்பாட்டை எழுதுங்கள். அச்சின் பெயர், அளவுத்திட்டம், வெட்டும் புள்ளியின் ஆயத்தொலைவுகள் ஆகியவை இல்லாத தாளுக்கும் மதிப்பெண் குறையும்.

உண்மையிலேயே இணையா என்று வெட்டுத்துண்டுகளே சொல்லிவிடும். எக்ஸ் + 2ஒய் = 4 க்கு 4, 2; எக்ஸ் + 2ஒய் = 8 க்கு 8, 4. எக்ஸ் வெட்டுத்துண்டுக்கும் ஒய் வெட்டுத்துண்டுக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது. கோடுகள் இணை, தீர்வு இல்லை. தாளில் இவை எங்காவது சந்தித்தால் ஏதோ ஒரு புள்ளி நகர்ந்திருக்கிறது.

சந்திக்கின்றன, ஆனால் எங்கே என்று தெரியவில்லை

2எக்ஸ் + 3ஒய் = 12, 5எக்ஸ் + 8ஒய் = 31. முதலாவதன் வெட்டுத்துண்டுகள் 6, 4. இரண்டாவதுக்கு 6.2, 3.875. எக்ஸ் அச்சில் இடைவெளி 2 மி.மீ., ஒய் அச்சில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வெட்டுத்துண்டுகளை மட்டும் வைத்தால் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று பூசியதுபோல் வரும். இரண்டாவது கோட்டுக்கு (−5, 7), (11, −3) என்ற தொலைவான புள்ளிகளையும், முதலாவதுக்கு (−3, 6), (9, −2) என்ற புள்ளிகளையும் எடுத்து, நன்றாகச் சீவிய பென்சிலால் மெல்லிய கோடாகப் போடுங்கள். அப்போதும் வெட்டுமிடம் கூர்மையாகத் தெரியாது. 2.9, 2.1 என்று படிக்கத் தோன்றலாம். அதை முதல் சமன்பாட்டில் போட்டால் 12.1, இரண்டாவதில் 31.3. இரண்டுமே பொருந்தவில்லை. (3, 2) ஐப் போட்டால் 12, 31. இப்படிக் குறுகிய கோணத்தில் வெட்டும் கோடுகளுக்கு, படத்தில் படித்த விடையை இரண்டு சமன்பாட்டிலும் பிரதியிட்டுப் பார்த்த பிறகே எழுதுங்கள்.